முப்பது லைஃப் கேசட்

1. கையில்தான் கம்ப்ளெயிண்ட்

“பட்டன் நல்லாத்தேன் இருக்குண்ணே. அமுக்குற கையிலதேன் கம்ப்ளெயிண்ட்.”

கடைக்கு வந்த எத்தனையோ பேரிடம் எத்தனையோ பேசியிருக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். மற்றதையெல்லாம் அவர்களும் மறந்திருப்பார்கள், நானும் மறந்துவிட்டேன். இந்த ஒன்று மட்டும் போகமாட்டேன் என்கிறது. செல் சர்வீஸ் தொழிலுக்கு வருகிற தம்பிகளுக்கு நான் எழுதுகிற இந்தக் குறிப்பை அதனால் இதிலிருந்தே தொடங்குகிறேன்.

உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் என் கடை. ரேடியோவில் தொடங்கி, டிவிக்குப் போய், நடுவில் சில வருஷம் டிவி கேம் ஓட்டி, இப்போது செல்போனில் வந்து நிற்கிறேன். டிவி கேம் என்றால் உங்களில் பலருக்குத் தெரியாது. செருப்புப் பெட்டி அளவில் ஒரு செட். டிவியில் வயரைச் சொருகி, செட்டின் தலையில் கேசட்டைச் செருகினால் விளையாட்டு ஓடும். ஒயரோடு இரண்டு ஜாய்ஸ்டிக், இரண்டு பேர் ஆடலாம். அந்தக் காலத்தில் நாலு டிவி வைத்து மணிக்கணக்கில் பையன்களை ஆடவிட்டிருக்கிறேன். அதெல்லாம் போய் எவ்வளவோ காலமாகிவிட்டது.

ஆகவே நாலைந்து வருஷத்துக்கு முன்னால் சவரிமுத்து அண்ணன் மஞ்சள் பையிலிருந்து ஒரு டிவி கேம் செட்டை எடுத்து மேஜைமேல் வைத்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ராயப்பன்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டத்தில் கவாத்து வெட்டுகிறவர் அவர். அறுபதை நெருங்குகிற மனிதர். ஜாய்ஸ்டிக்கில் சுடுகிற பட்டன் அமுக்கினால் விழவில்லை என்றார். திறந்து உள்ளே இருக்கும் கார்பன் ரப்பரை மாற்றிக் கொடுத்தேன். பத்து நாளில் திரும்ப வந்தார். இப்போது குதிக்கிற பட்டன் விழவில்லையாம். திறந்தால் ஒன்றும் இல்லை. துடைத்துக் கொடுத்தேன். மூன்றாம் முறை வந்தது சந்தை நாள். கடையில் கூட்டம். செட்டைப் போட்டு நானே அமுக்கிப் பார்த்தேன், வெண்ணெய் மாதிரி விழுந்தது. அப்போது சொன்னதுதான் அந்த வார்த்தை. கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

அவர் கோபப்படவில்லை. செட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“நீங்க சொல்றது நெசந்தேன் தம்பி. கையிலதேன் கம்ப்ளெயிண்ட். எம் மகனுக்குச் சதை கரையிற நோவு. அந்தக் கைக்குத் தக்கன பட்டன மாத்த முடியுமான்னு கேக்கத்தேன் மூணு தடவையும் வந்தேன். கேக்க வாய் வரல.”

சிரித்தவர்கள் வெளியே பார்க்கத் தொடங்கினார்கள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. சாயங்காலம் வீட்டுக்கே வந்து பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். டிவி கேமுக்காக நான் வீடு தேடிப் போனது அதுதான் முதல் தடவை.

2. பச்சைச் சிப்பாய், சிவப்புச் சிப்பாய்

பையனுக்கு வயது இருபத்தாறு. பெயர் அருள். பத்து வயதில் மாடிப்படி ஏறச் சிரமப்பட்டதில் தொடங்கி, பதினைந்தில் நடை நின்று, பிறகு தோள், முழங்கை என்று ஒவ்வொன்றாகப் போயிருக்கிறது. நான் போனபோது சக்கர நாற்காலியில் இருந்தான். கழுத்தும் விரல்களும்தான் அவன் சொன்னபடி கேட்டன. அம்மா விடியற்காலை ஜீப்பில் ஏலக்காய் எஸ்டேட்டுக்குப் போனால் பொழுது சாயத்தான் வருவார். அப்பா காலையில் மட்டும் தோட்டத்துக்குப் போய்விட்டு, மீதி நேரம் மகனோடு இருந்தார்.

செல்போனில் ஆயிரம் கேம் இருக்கும்போது இந்தப் பழைய கழுதை எதற்கு என்று கேட்டேன். கண்ணாடியில் விரலை இழுக்க முடியவில்லை, பட்டன் என்றால் விரலை அதன்மேல் வைத்துவிட்டு அமுக்கினால் போதும் என்றான். இன்னொன்றும் சொன்னான். செல்போன் கேம் எல்லாம் தோற்றால் நம்மைத் தடவிக்கொடுக்கிறது, இது அப்படிச் செய்யாது. எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது.

ஆடியது எனக்கு நன்றாகத் தெரிந்த கேம். பச்சைச் சட்டைச் சிப்பாய் ஒருவன், சிவப்புச் சட்டைச் சிப்பாய் ஒருவன். இரண்டு பேரும் ஓடிக்கொண்டே சுட வேண்டும். ஒரு குண்டு பட்டால் ஒரு உயிர் போச்சு. ஆளுக்கு மூன்று லைஃப். பாயிண்ட் ஏறினால் நடுவில் எப்போதாவது ஒரு போனஸ் லைஃப் விழும். ஏழு ஸ்டேஜ். என் கடையில் ஆடிய பையன்களில் ஒருவன்கூட மூன்று லைஃபில் அதை முடித்ததில்லை. நானும் முடித்ததில்லை. அதற்கென்றே முப்பது லைஃப் கேசட் என்று ஒன்று தனியாக வந்தது. எல்லோரும் அதைத்தான் கேட்டு வாங்கி ஆடுவார்கள்.

இரண்டு பேர் ஆடும்போது அந்தக் கேமில் ஒரு வினோதம் உண்டு. தரையில் ஓடுகிற ஸ்டேஜில் ஒருவன் நின்றுவிட்டால் திரை நகராது, மற்றவனும் அங்கேயே நிற்க வேண்டியதுதான். மூன்றாவது ஸ்டேஜ் அருவி. அங்கே பாறை பாறையாக மேலே ஏற வேண்டும். அதில் நேர் எதிர். ஒருவன் வேகமாக ஏறினால் திரையும் அவனோடு ஏறிவிடும், கீழே இருக்கிறவன் திரைக்கு வெளியே போய்ச் செத்துவிடுவான். அந்த அருவியில் சண்டை போட்டுப் பிரிந்த சிநேகிதர்களை என் கடையிலேயே பார்த்திருக்கிறேன்.

அருள் பச்சை. சவரிமுத்து அண்ணன் சிவப்பு. கொடியில் கத்தரி பிடித்துக் காய்த்துப்போன விரலை வைத்துக்கொண்டு அவர் அமுக்குகிற அமுக்கில் பட்டன் உடைந்துவிடும்போல இருந்தது. கேமைப் பற்றி அவருக்கு ஒரு மண்ணும் தெரியாது. மகன் சொன்னால் குதிப்பார், சொன்னால் படுப்பார். அருவியில் அருள் ஒவ்வொரு பாறையிலும் நின்று அவருக்காகக் காத்திருந்தான். தனியாக ஆடினால் சுலபம் இல்லையா என்று கேட்டேன். “அப்பாவும் நானுமா முடிக்கணும்ணே. மூணு லைஃபுல. மூணே மூணுல,” என்றான்.

நாற்காலிப் பக்கத்தில் நாள்காட்டியில் கிழித்த தாள்கள் ஒரு கட்டு இருந்தது. ஒவ்வொரு தாளின் பின்னாலும் அன்றைக்கு எந்த ஸ்டேஜில் செத்தோம் என்று அப்பாவின் கையெழுத்து. பெரும்பாலும் மூன்று, நான்கு. இரண்டே இரண்டு தாளில் ஏழு. ஏழாவது ஸ்டேஜ் வரை வந்திருக்கிறார்கள் என்றால் நான் பார்த்தவர்களிலேயே அவர்கள்தான் கெட்டி.

மறுநாள் பழைய கம்ப்யூட்டர் மவுஸ்கள் பத்துப் பன்னிரண்டைப் பிரித்து, உள்ளே இருக்கும் சின்ன ஸ்விட்சுகளைக் கழற்றினேன். மயிலிறகால் தொட்டாலே விழும். ஒரு பிளைவுட் துண்டில் அவன் விரல் எங்கெங்கே நிற்கிறதோ அங்கங்கே அவற்றைப் பதித்து, ஜாய்ஸ்டிக் போர்டோடு ஒயர் பற்ற வைத்தேன். மடியில் வைத்துக் கொடுத்தபோது அருள் வலது கட்டைவிரலால் சுட்டுப் பார்த்தான். டப டப டப என்று விழுந்தது. சவரிமுத்து அண்ணன் எழுந்து உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் காபியோடு வந்தார்.

அதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

3. வெர்டிகல் ஹைட்

மூன்று மாதம் போயிருக்கும். சவரிமுத்து அண்ணன் கையில் எதுவும் இல்லாமல் வந்தார். மதுரையில் டாக்டர் பார்த்தாராம். விரலும் இன்னும் ஒரு வருஷம்தான் என்று சொல்லிவிட்டாராம்.

“ஒரு தடவ ஜெயிச்சுட்டான்னா போதும் தம்பி. என்னயக் கட்டிக்கிட்டு அழுகுறதால அவனால முடிய மாட்டேங்குது. நாந்தேன் செத்துச் செத்து அவன இழுத்து விடுறேன். நீங்க மனசு வச்சா எதாச்சும் பண்ணலாம்ல?”

நான் மனசு வைத்தேன். பாவம் பார்த்தேன் என்று சொன்னால் அது பாதிதான். இதை என்னால் செய்ய முடியும் என்ற கர்வம் மீதிப் பாதி. மெக்கானிக்குக்கு அது ஒரு வியாதி. செய்ய முடியும் என்று தெரிந்துவிட்டால், செய்யலாமா என்று கேட்கத் தோன்றாது.

கடைப் பரணில் பழைய முப்பது லைஃப் கேசட் ஒன்று கிடந்தது. அதன் உள்போர்டைக் கழற்றி, அருளின் கேசட் கூட்டுக்குள் வைத்து மூடினேன். வெளியே அதே ஸ்டிக்கர், அதே கீறல். அவனுடைய ஒரிஜினல் போர்டை ஒரு கவரில் போட்டு டிராயரில் வைத்தேன்.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. மிச்சமிருக்கும் உயிரைத் திரையின் உச்சியில் மெடல் மெடலாகக் காட்டும். நாலு மெடலுக்கு மேல் காட்ட இடம் கிடையாது. முப்பது உயிர் இருந்தால் எத்தனை தடவை செத்தாலும் நாலும் அப்படியே நிற்கும். அருள் ஒரே நாளில் கண்டுபிடித்துவிடுவான்.

அவர்கள் வீட்டில் இருந்தது பழைய பிக்சர் டியூப் டிவி. அதன் பின்னால் வெர்டிகல் ஹைட் என்று ஒரு பிரிசெட் இருக்கும். ஸ்க்ரூடிரைவரால் திருப்பினால் படம் மேலும் கீழும் நீளும். கேசட்டைக் கொடுக்கப் போன சாக்கில் டிவியைத் திறந்து அதை ஒரு கால் சுற்றுத் திருப்பினேன். மெடல் வரிசை கண்ணாடியின் விளிம்புக்கு மேலே போய் மறைந்துவிட்டது. டியூப் பழசாகிவிட்டது, மேலே கொஞ்சம் வெட்டத்தான் செய்யும் என்று அவனிடம் சொன்னேன். அவன் நம்பினான். டிவியைப் பற்றி மெக்கானிக் சொன்னால் நம்பாமல் என்ன செய்வான்?

போனஸ் லைஃப் வருவதும் போவதுமாக இருக்கிற கேம் அது. மெடல் கண்ணில் படாவிட்டால் சரியான கணக்கு யாருக்கும் நிற்காது. அருளுக்குச் சந்தேகம் வரும்போதெல்லாம், இப்போதுதான் ஒரு போனஸ் விழுந்தது என்று அப்பா சொல்லிவிடுவாராம். எட்டு நாளில் முடித்துவிட்டார்கள்.

சவரிமுத்து அண்ணன் பன்னீர் திராட்சை ஒரு கூடை கொண்டுவந்து கடையில் வைத்தார். கோயில் தெரு இளவட்டங்களெல்லாம் வந்து பார்த்தார்களாம், சர்ச் சாமியாரே வந்து கை கொடுத்தாராம். கேம் முடிந்தால் வருகிற கடைசித் திரையை அருள் போட்டோ எடுக்கச் சொல்லி வாட்ஸப்பில் தன் முகத்துக்குப் பதிலாக வைத்துக்கொண்டான். எனக்கும் ஒரு மெசேஜ் அனுப்பினான். ‘உங்க பட்டன் இல்லன்னா முடிச்சிருக்க முடியாதுண்ணே.’ அந்தத் திராட்சையைத் தின்றபோது எனக்கு ஒன்றும் உறுத்தவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

4. எல்.இ.டி.

ஐந்து மாதம் கழித்து அருளின் சித்தப்பா கேரளாவில் வேலை பார்த்த இடத்திலிருந்து ஒரு எல்.இ.டி. டிவி கொண்டுவந்து கொடுத்தார். சுவரில் மாட்டி டிவி கேமையும் இணைத்துக் கொடுக்கச் சொல்லி எனக்குப் போன் வந்தது. ஞாயிற்றுக்கிழமை. அம்மா பூசைக்குப் போயிருந்தார். நான் போய் மாட்டினேன்.

ஊசிக்கு வழி பார்த்தவன் உலக்கைக்கு வழி பார்க்கவில்லை. பழைய டிவியை ஓரம் தள்ளும்போதுகூட எனக்கு நினைவு வரவில்லை. ஒயரைச் சொருகி, செட்டை ஆன் செய்து, கேம் ஓடத் தொடங்கிய பிறகுதான் பார்த்தேன். புதிய டிவியில் படம் முழுசாக விழுந்தது. உச்சியில் நாலு மெடல் பளிச்சென்று நின்றது. அதில் திருப்புவதற்கு வெர்டிகல் ஹைட்டும் கிடையாது, ஒன்றும் கிடையாது.

அருள் அந்த ஐந்து மாதத்தில் கேமைத் தொடவே இல்லை. நடுவில் ஒரு காய்ச்சல் வந்து படுத்ததில் வலது கட்டைவிரல் அநேகமாகப் போய்விட்டிருந்தது. ஆள்காட்டி விரலால் மெல்ல அமுக்கினான். முதல் குண்டிலேயே பச்சைச் சிப்பாய் விழுந்தான். மெடல் நாலு. இன்னொரு முறை விழுந்தான். மெடல் நாலு.

அவன் திரும்பி என்னைப் பார்க்கவில்லை. செட்டை நிறுத்தி, ஒருவர் ஆடும் ஆட்டமாகப் புதிதாகப் போடச் சொன்னான். போட்டேன். பலகையிலிருந்து விரலை எடுத்துவிட்டான். பச்சைச் சிப்பாய் சும்மா நின்றான். எதிரிகள் வந்து சுட்டார்கள்.

“ஒண்ணு,” என்றான் அருள்.

சிப்பாய் எழுந்தான், நின்றான், செத்தான். ரெண்டு. மூணு. நாலு. குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. சவரிமுத்து அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஸ்க்ரூடிரைவரைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றேன். ஸ்விட்சை அணைத்திருக்கலாம், அணைக்கவில்லை. பதினஞ்சு. பதினாறு. வெளியே பூசை மணி அடித்தது. முப்பது என்று அவன் சொன்ன பிறகுதான் கேம் ஓவர் என்று வந்தது.

“ஏலே, நாந்தேன் சொன்னேன். தம்பி மேல கோவப்படாத,” என்றார் சவரிமுத்து அண்ணன்.

நான்தான் மாற்றினேன், டிவியைத் திருப்பியதும் நான்தான் என்று சொன்னேன். 

அருள் அப்போதுதான் என் பக்கம் திரும்பினான். “அப்ப நான் முடிக்கவே இல்ல. முடிச்சாச்சுன்னு சொல்லித் தொடாம வச்சுட்டேன். அஞ்சு மாசத்துக்கு முன்னாடி எனக்குக் கட்டவெரல் இருந்துச்சுண்ணே.”

அவ்வளவுதான் சொன்னான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவன் சொன்னது வெறும் கணக்கு. இரண்டு தடவை ஏழாவது ஸ்டேஜ் வரை சொந்தக் கையால் போனவன். இன்னும் ஐந்து மாதம் விடாமல் ஆடியிருந்தால் முடித்திருப்பானா, தெரியாது. முடித்திருக்கலாம். அந்த ஐந்து மாதத்தைத்தான் நான் எடுத்துக்கொண்டேன். ரிப்பேர் செய்ய முடியாத பொருளைக் கெடுத்துவிட்டு வந்தது என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

அன்று சாயங்காலம் வாட்ஸப்பில் அவன் பெயருக்குப் பக்கத்தில் படம் இல்லை.

5. ஒரிஜினல் போர்டு

இரண்டு நாள் கழித்து அவனே போன் செய்தான். ஒரிஜினல் போர்டு இருக்கிறதா என்று கேட்டான். இருக்கிறது என்றேன். “மாட்டிக் குடுங்கண்ணே. மூணு லைஃபு,” என்றான்.

மாட்டினேன். பலகையையும் மாற்றினேன். சுடுவதை ஆள்காட்டி விரலுக்கும், குதிப்பதை இடது நடுவிரலுக்கும் வைத்தேன். இரண்டு மாதத்தில் அந்த நடுவிரலும் தளர்ந்தது. பிறகு குதிப்பதைத் தாடைக்குக் கீழே ஒரு ஸ்விட்சாக மாற்றினேன். பச்சைச் சிப்பாய் நடக்கிற திசையை அப்பாவின் ஜாய்ஸ்டிக்குக்கு மாற்றிக் கொடுக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றான். இந்தத் தடவை ஒவ்வொன்றையும் அவனைக் கேட்டுத்தான் செய்தேன். அவன் வேண்டாம் என்றதைச் செய்யவில்லை. மாதத்தில் நாலைந்து தடவை போவேன். என் மேல் கோபமா என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். “கோவப்பட நேரமில்லண்ணே,” என்றான். அது மன்னிப்பு இல்லை என்று எனக்குத் தெரியும்.

சவரிமுத்து அண்ணன் அந்த நாட்களில் ஆட்டத்தில் வெகுவாகத் தேறிவிட்டார். யாரும் சொல்லாமலே குதித்தார், படுத்தார். மகனுக்கு வருகிற குண்டையும் சேர்த்துக் கவனித்தார். அருவி ஸ்டேஜில் இப்போது அவர்தான் மேலே. ஒவ்வொரு பாறையிலும் நின்று, கீழே பச்சைச் சிப்பாய் ஏறி வரும்வரை அசையாமல் இருப்பார். சில நாள் அந்தக் காத்திருப்பிலேயே இரண்டு பேரும் செத்துப்போவார்கள். தாளின் பின்னால் மூன்று என்று எழுதுவார். அடுத்த நாளும் மூன்று. அதற்கடுத்த நாளும் மூன்று. அருவியைத் தாண்டவே இல்லை.

அந்த ஐப்பசி மழையில் அருளுக்குச் சளி கட்டியது. இருமித் துப்ப நெஞ்சில் பலம் இல்லை. பெரிய ஆஸ்பத்திரியில் ஆறு நாள் இருந்தான். ஏழாம் நாள் காலையில் போய்விட்டான். அடக்கத்துக்குப் போயிருந்தேன். அவன் அம்மா என்னைப் பார்த்து, பட்டன் செய்து கொடுத்த தம்பி வந்திருக்கிறது என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னார். மற்றது எதுவும் அவருக்குத் தெரியாது. வீட்டில் இருவரும் சொல்லவில்லை. அந்த நல்ல பெயரோடு அங்கே நிற்க முடியாமல் கல்லறைத் தோட்டத்தின் வெளிவாசலுக்கு வந்து நின்றேன்.

6. ஜாப் கார்டு

என் கடை ஜாப் கார்டில் முன்பெல்லாம் கொண்டுவந்தவர் பெயர், பொருள், கம்ப்ளெயிண்ட் என்று மூன்று வரிதான் இருக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நாலாவதாக ஒரு வரி சேர்த்தேன். பயன்படுத்துபவர் பெயர். தம்பிகளே, கடைக்குக் கொண்டுவருகிறவர் உங்கள் கஸ்டமர் இல்லை. அது யார் கையில் இருக்கப் போகிறதோ அவர்தான் கஸ்டமர். மகளின் போனைக் கொண்டுவந்து அதில் வேவு பார்க்கிற ஆப் ஒன்றைப் போட்டுவிடச் சொல்கிற அப்பா வருவார். மனைவியின் போனைத் திறந்துகொடு என்று புருஷன் வருவார். எல்லோரும் நல்லதுக்குத்தான் என்பார்கள். சவரிமுத்து அண்ணனைவிட நல்ல எண்ணத்தோடு ஒருவர் உங்களிடம் வரப்போவதில்லை. அப்படிப்பட்டவர் கேட்டாலும் நாலாவது வரியில் இருக்கிறவரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கையை வையுங்கள்.

இதோடு முடிக்கலாம். ஆனால் கார்டு இன்னும் ஒன்று இருக்கிறது.

அருள் போய் ஐந்தாறு மாதம் இருக்கும். ஒரு மத்தியானம் சவரிமுத்து அண்ணன் அதே மஞ்சள் பையோடு வந்தார். செட்டையும் பிளைவுட் பலகையையும் எடுத்து வைத்தார். சும்மா கிடந்து ஸ்விட்சு துருப்பிடித்துவிடக் கூடாது, பலகையைத் துடைத்துத் தரவேண்டும் என்றார். கார்டை எடுத்தேன். நாலாவது வரிக்கு வந்து கை நின்றது.

“இப்ப யாருண்ணே ஆடுறது?” என்று கேட்டேன்.

“ரெண்டு பேருந்தேன்,” என்றார்.

கேட்கக் கேட்கத்தான் விவரம் சொன்னார். மத்தியானம் வீட்டில் யாரும் இல்லாதபோது செட்டைப் போடுவாராம். இருவர் ஆட்டமாகத்தான் போடுவாராம். பச்சைச் சிப்பாய் முதல் ஸ்டேஜ் ஆரம்பத்திலேயே நிற்பான். அவன் நிற்பதால் திரை நகராது. இவர் அவனுக்கு முன்னால் நின்றுகொண்டு வருகிறவர்களையெல்லாம் சுடுவார். எத்தனை சுட்டாலும் ஒருவன் எப்படியாவது தப்பி வந்து பச்சையைச் சுட்டுவிடுகிறான். மூன்று உயிரும் போனபிறகு திரை இவரோடு நகர்கிறதாம். அதற்குமேல் இவருக்கு ஆட முடியவில்லையாம், நிறுத்திவிடுவாராம்.

“நேத்து நாப்பது நிமிசம் நிப்பாட்டி வச்சிருந்தேன் தம்பி,” என்றார்.

என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து டிராயரைத் திறந்தேன். அந்த முப்பது லைஃப் போர்டு கவரோடு அங்கேதான் கிடந்தது. தூக்கிப்போட எத்தனையோ தடவை நினைத்து, போடாமல் வைத்திருந்தேன். மேஜைமேல் வைத்து, இதை மாட்டித் தரட்டுமா, ரொம்ப நேரம் நிற்பான் என்று கேட்டேன்.

அவர் அதைத் தொடவில்லை. திரும்ப என் பக்கமே தள்ளினார்.

“வேணாம் தம்பி. எண்ணிருவான்.”

பலகையைத் துடைத்து, ஒவ்வொரு ஸ்விட்சையும் மீட்டரில் வைத்துப் பார்த்து, ஸ்க்ரூவை முடுக்கிக் கொடுத்தேன். கார்டில் நாலாவது வரியில் இரண்டு பெயரையும் எழுதினேன். கம்ப்ளெயிண்ட் என்ற இடத்தில் எதுவும் இல்லை என்று எழுதினேன்.